மேனேஜருக்கு உடம்பு சரியில்லை

மேனேஜர் செத்துப்போனால் அந்த வீட்டில் பேச்சும் செத்துப்போகும். இது வீட்டில் இருந்த இரண்டு பெண்களுக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வழியில்லை. சொல்வதென்றால் மேனேஜர் மூலமாகத்தான் சொல்ல வேண்டும். மேனேஜரோ கொல்லைப்புறத்துத் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாகக் கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணைப் பாதி மூடி, உலகத்தோடு கணக்கை முடித்துக்கொண்டதைப் போல உட்கார்ந்திருந்தது.

மேனேஜர் ஒரு கோழி. செம்பழுப்பு நிறம், ஒரு பக்கமாகச் சரிந்த கொண்டை. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருகிற ஆளைப் போல நடக்கும். வழியில் இருக்கும் செடி, வாளி, துடைப்பம் எல்லாவற்றையும் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வைக்காக வைத்த பெயர்தான் அது. முட்டையிடுவதை எப்போதோ நிறுத்திவிட்டது. அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. அதற்கு வேறு வேலை இருந்தது.

அந்த வேலை வந்த கதை ஒரு கோட்டில் தொடங்குகிறது.

இருவரில் நாத்தனாருக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடையில் வருகிறது, எது தாமதம், எது வரவே வராது என்பதையெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லுவாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்றாலும் சீருடைக் கோட்டு போட்டுக்கொண்டுதான் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. அண்ணி தையல்காரி. முன்னறையில் மெஷின், மேஜை, துணிக்குவியல், வாய் நிறையக் குண்டூசி. ஒருநாள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த கோட்டு அண்ணியின் கண்ணில் பட்டது. அதன் பொத்தான்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தன. இழுபடும் தையலைப் பார்த்தால் அண்ணிக்குக் கை சும்மா இருக்காது. பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியைத் தாராளமாக விட்டு, தைத்து, தேய்த்து, மறுபடி ஆணியில் மாட்டிவிட்டாள்.

மறுநாள் நாத்தனார் போட்டுப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாமல் போயிருந்தால் மன்னித்திருப்பாள்.

"நான் கேட்டேனா அண்ணி?"

"கேக்கணுமா? எனக்குக் கண்ணு இருக்கே."

"அப்ப நான் குண்டாயிட்டேன்னு சொல்றீங்க."

"நான் எங்க சொன்னேன்? கோட்டு சொல்லுச்சு."

நாத்தனார் ஒரு வார்த்தை பேசாமல் கோட்டைக் கழற்றி, மடித்து, எதிர்த்தெருத் தையல்கடைக்குக் கொண்டுபோய், பழையபடியே பிடித்துத் தரச் சொன்னாள். ஒரு தையல்காரியின் வீட்டிலிருந்து இன்னொரு தையல்காரனிடம் துணி போனது. அண்ணி அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அத்தோடு பேச்சு நின்றது. நாத்தனார் அன்றிலிருந்து அரை மூச்சில்தான் அறிவிப்பு சொல்கிறாள். நடுநடுவே அவள் காற்றுக்காக நிறுத்துவதைப் பயணிகள் நிதானம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கு மேலதிகாரியிடமிருந்து பாராட்டுகூட வந்தது.

முதலில் தூது போனவர் அண்ணன். ஒருத்திக்குக் கணவன், இன்னொருத்திக்குக் கூடப்பிறந்தவன். சமையலறையிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து சமையலறைக்கும் நடந்து நடந்து அவருடைய செருப்பு தேய்ந்தது. கடைசியில் ஒருநாள் கப்பலில் சமையல்காரர் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றுகிற மனிதர் அவர். கிளம்புகிற அன்று காலையில் எங்கிருந்தோ ஒரு கோழியைப் பிடித்துவந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார்.

"இனிமே எதுவா இருந்தாலும் இதுகிட்ட சொல்லுங்க."

வெறுத்துப்போய்ச் சொன்னதுதான். சொல்லிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டார். ஆனால் வீட்டில் இருந்த இரண்டு பேரும் அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

"மேனேஜர், அந்தம்மாகிட்ட சொல்லு, காஸ் தீர்ந்துபோச்சு."

"மேனேஜர், ஸ்டேஷன்காரிகிட்ட சொல்லு, காஸ் தீர்ந்தது எனக்கும் மூக்கு இருக்கிறதால தெரியும்."

இதில் ஒரே ஒரு சிக்கல். கோழி நிற்காது. செய்தியின் பாதியில் கொல்லைக்கு நடையைக் கட்டிவிடும். கோழி இல்லாத இடத்தில் கோழியிடம் பேசினால் அது பைத்தியக்காரத்தனம் என்று இருவரும் நினைத்தார்கள். ஆகவே பேசி முடிக்கும்வரை அது நிற்பதற்காக நாத்தனார் மக்காச்சோளம் போட ஆரம்பித்தாள். அண்ணி காய்ந்த ரொட்டி போட்டாள். சின்னச் செய்திக்கு ஒரு சிட்டிகை. நீளமான செய்திக்கு ஒரு பிடி. வசவென்றால் இரண்டு பிடி, ஏனென்றால் வசவை அவசரப்பட்டுச் சொல்ல முடியாது.

இத்தனை வருஷமும் அது தாங்கியது. போன வாரம் குளியலறைக் கதவுப் பிரச்சினை வந்தது.

பழைய கதவு அடியில் உளுத்துப்போய்விட்டது. தச்சர் வந்து பார்த்துவிட்டு, "புதுக் கதவு உள்பக்கமாத் திறக்கணுமா, வெளிப்பக்கமாத் திறக்கணுமா, பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பேசி என்ற சொல்லின் கனம் அவருக்குத் தெரியாது. வெளிப்பக்கம் திறந்தால் கூடத்தில் போகிறவள் மூக்கு உடையும் என்றாள் நாத்தனார். உள்பக்கம் திறந்தால் உள்ளே விழுந்து கிடப்பவளை வெளியே எடுக்கவே முடியாது என்றாள் அண்ணி. யார் விழுவார்கள், விழுந்தால் யார் எடுப்பார்கள், எடுப்பதற்கு அந்தம்மாவுக்கு மனசு வருமா என்று வாரம் முழுக்க விவாதம் நடந்தது. பாத்திரம் கழுவும் நேரத்திலும் நடந்தது. மேனேஜர் நடுவில் நின்று இரண்டு பக்கத்து நியாயத்தையும் பொறுமையாகத் தின்றது.

இன்று காலையில் நாத்தனார் கதவைப் பற்றிப் புதிதாகத் தோன்றிய ஒரு வாதத்தோடும் ஒரு பிடி சோளத்தோடும் கொல்லைக்கு வந்தபோதுதான் மேனேஜர் தொட்டியோரம் குந்தியிருந்தது. சோளத்தைப் பார்த்தும் எழவில்லை. கொண்டை வெளுத்திருந்தது. கழுத்துக்குக் கீழே, மார்பின் வலப்பக்கம், பந்து ஒன்றை விழுங்கியதைப் போலப் புடைத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். கல்லாக இருந்தது.

நாத்தனார் சோளத்தைத் தொட்டியின் மேல் வைத்தாள். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, "மேனேஜர், இன்னைக்கு ஒரு வண்டி நாலு மணி நேரம் லேட்" என்று சொன்னால், தையல் மெஷின் ஒரு நொடி நிற்கும். அண்ணி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அது இல்லாத சாயங்காலத்தை நாத்தனாரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் தானாகப் போய் முதலில் பேசமாட்டாள். அண்ணியோ தலையால் தண்ணீர் குடித்தாலும் பேசமாட்டாள். மீதி வாழ்க்கைக்கு மெஷின் சத்தமும் குக்கர் சத்தமும்தான் மிஞ்சும்.

கோழியைத் துணிக்கூடையில் வைத்தாள். நிமிர்ந்தபோது அண்ணி கூடையின் இன்னொரு பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயில் குண்டூசி இருந்தது.

மிருக டாக்டரின் அறையில் பெஞ்சின் ஒரு கோடியில் ஒருத்தி, மறு கோடியில் ஒருத்தி, நடுவில் கூடை. டாக்டர் இளைஞன். பூனை கீறிய கையோடு மேனேஜரைத் தூக்கி, மார்பைத் தடவி, அலகைத் திறந்து முகர்ந்து பார்த்தான்.

"தீனிப்பை அடைச்சிருக்கு. கழுத்துக்குக் கீழ இருக்கிற பை. இங்கதான் தின்னதெல்லாம் முதல்ல வந்து சேரும். ஊறி, கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்கும். இதுக்கு இறங்கவே நேரம் குடுக்கலை. என்ன போட்டீங்க?"

"சோளம்" என்றாள் நாத்தனார்.

"ரொட்டி" என்றாள் அண்ணி, சுவரைப் பார்த்து.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"அது அன்னைக்கு என்ன விஷயம்கிறதைப் பொறுத்தது" என்றாள் நாத்தனார்.

டாக்டர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான். கோழியைப் பார்த்தான். மூவரில் கோழிதான் தெளிவாக இருப்பதாக அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதனிடமே சொல்வதுபோலச் சொன்னான்.

"தீனி சுத்தமா நிறுத்தணும். தண்ணி மட்டும். அலகு ஓரமாச் சொட்டுச் சொட்டா எண்ணெய் விட்டு, பையை மெதுவா நீவிக்கிட்டே இருக்கணும். ஒரு ஆள் பிடிக்கணும், ஒரு ஆள் நீவணும். ஒத்தை ஆளால முடியாது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எச்சம் போட்டா பிழைச்சுது. இல்லைன்னா அறுத்து எடுக்கணும். இந்த வயசுல அதைத் தாங்குறது சந்தேகம்தான்."

கதவுவரை வந்து இன்னொன்றும் சொன்னான். "பக்கத்துல நின்னு சத்தம் போடாதீங்க. அதுக்கு ரெஸ்ட் வேணும்."

வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது. கடலிலிருந்து அண்ணன். அவர் எப்போதும் முதலில் கேட்கிற கேள்வியையே கேட்டார்.

"மேனேஜர் எப்படி இருக்கு?"

"சாகக் கிடக்குது அண்ணா."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் வரணுமா?" என்று கேட்டார் அண்ணன். குரல் நடுங்கியது.

"உங்க பொண்டாட்டியையும் தங்கச்சியையும் பார்க்க வர்றதுக்கு இவ்வளவு பயமா?"

"பயமெல்லாம் இல்லம்மா. இங்க இருநூறு பேருக்கு நான்தான் சூப்பு வைக்கிறேன். சொன்னாக் கேளு, எப்படியாவது காப்பாத்து. இல்லைன்னா இன்னொண்ணு வாங்கிக்கலாம். கிளி வாங்கினா இன்னும் வசதி, கேட்டதைத் திருப்பிச் சொல்லும்."

"மேனேஜர் இருக்கிறப்பவே அடுத்த ஆளைப் பேசுறீங்க. வெக்கமா இல்ல?" என்று போனை வைத்தாள். மெஷின் நின்றிருந்தது.

குளியலறை வாசலில், உளுத்த கதவுக்கு எதிரே, சாக்கை விரித்து வைத்தியம் தொடங்கியது. அண்ணி கோழியை மடியில் இடுக்கிக்கொண்டாள். நாத்தனார் எண்ணெய் தொட்டு நீவினாள். அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒரு கோழியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, பேசாமல் வைத்தியம் செய்வது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது போல. அண்ணி இடப்பக்கம் திருப்பினால் நாத்தனார் வலப்பக்கம் இழுத்தாள். கோழியிடம் சொல்லி அனுப்பவும் முடியாது. அதற்கு ரெஸ்ட் வேண்டும்.

அப்போதுதான் நாத்தனாருக்குத் தன் தொழில் நினைவுக்கு வந்தது. அறிவிப்பு என்பது யாரிடமும் பேசுவதாகாது. அது பொதுவில் போகும். கேட்கிறவர் கேட்கலாம். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"அன்பார்ந்த பயணிகளின் கவனத்திற்கு. கோழியின் வால்பகுதி சற்று உயரமாக இருப்பதால், அதைச் சிறிது தாழ்த்தி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

அண்ணி சிரிப்பை உதட்டுக்குள் அடக்கினாள். வாலைத் தாழ்த்தினாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எதிரே இருந்த கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏ கதவே, நகம் வெட்டாத கையால நீவினா தோல் கிழியும்னு யாராவது சொன்னா நல்லது."

"நகங்கள் இன்று காலைதான் வெட்டப்பட்டன என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

"ஏ கதவே, வெட்டின லட்சணம் தெரியுது."

இப்படியே அன்றைய பகல் போனது. மறுநாள் காலையிலும் பை அப்படியேதான் இருந்தது. கொஞ்சம் இளகியதுபோல நாத்தனாருக்குத் தோன்றும். அண்ணி தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவிடம், "ஆசைதான்" என்பாள். மத்தியானம் நாத்தனார் வேலைக்குக் கிளம்ப வேண்டும். கோட்டைப் போட்டு, மூச்சை இழுத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகச் சமாதானப்படுத்தி மாட்டிக்கொண்டு, போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை என்று சாக்கில் உட்கார்ந்தாள். சாயங்காலம் திரும்பி வரும்போது கூடையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டியிருக்கும். அதற்கப்புறம் கூடை காலியாக வரும். இதை நினைத்ததும் எண்ணெய்க் கிண்ணம் கையில் ஆடியது. சொட்டாக விட வேண்டியது கொட்டிவிட்டது.

மேனேஜர் தலையை அண்ணாந்தது. தொண்டையில் ஒரு களகள சத்தம். இறக்கை இரண்டும் விறைத்தன.

"அன்பார்ந்த பயணி..." என்று தொடங்கினாள் நாத்தனார். அந்த வாக்கியம் முடிவதற்குள் கோழி முடிந்துவிடும் என்று தெரிந்தது.

"அண்ணி! தலையைக் கீழ சாய்ங்க! கீழ, கீழ!"

"சாய்க்கிறேன்டி, நீ முதல்ல கையை எடு, கழுத்தை நெரிக்கிற!"

"நான் எங்க நெரிக்கிறேன், நீங்கதான் இறக்கையை முறுக்கிட்டு இருக்கீங்க!"

"வாயை மூடிட்டு வாயைத் துடை!"

"யார் வாயை?"

"கோழி வாயை!"

அண்ணி கோழியைக் குனியப் பிடித்தாள். நாத்தனார் அலகை விரித்து, தன் கைக்குட்டையின் முனையை உள்ளே விட்டுத் துடைத்தாள். எண்ணெய் வழிந்தது. மேனேஜர் பலமாக ஒரு தும்மல் தும்மியது. கழுத்தை இப்படியும் அப்படியும் உதறியது. அந்த உதறலில் பைக்குள் ஏதோ சரிந்ததை நாத்தனாரின் விரல் உணர்ந்தது. கல்லாக இருந்தது பிசைந்த மாவாகிவிட்டது.

"அண்ணி, இளகுது. சத்தியமா. தொட்டுப் பாருங்க."

அண்ணி தொட்டாள். "ஆமா. விடாதே. நீவு, நீவு. மேலிருந்து கீழ. அப்படித்தான்."

பிடிக்க வசதியாக இருக்கும் என்று நாத்தனார் மேனேஜரைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். நீவினாள். மேனேஜர் எழுந்து நின்றது. இறக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆழ்ந்து யோசித்து, சீருடைக் கோட்டின் மார்பிலிருந்து இடுப்புவரை, இரண்டு நாளாகத் தேக்கி வைத்ததை, கதவின் இரண்டு பக்கத்து வாதங்களையும் சேர்த்து, மொத்தமாக இறக்கியது.

"போட்டுடுச்சு!" என்று அண்ணி கைதட்டினாள்.

"போட்டுடுச்சு!" என்று நாத்தனார் கத்தினாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு கோட்டின் அளவைத் தாண்டியது. நடுப் பொத்தான் தெறித்துப் பறந்து குளியலறைக் கதவில் பட்டுக் கீழே விழுந்தது.

இருவரும் பொத்தானைப் பார்த்தார்கள்.

"கழட்டு அதை" என்றாள் அண்ணி. "நாத்தம் குடலைப் புடுங்குது."

நாத்தனார் கழற்றிக் கொடுத்தாள். அண்ணி கோட்டை வாளியில் அலசிக்கொண்டே உள்பக்கத்தைப் புரட்டினாள். கை நின்றது. பல வருஷத்துக்கு முன்னால் எதிர்த்தெருவில் போட்ட தையல் அங்கே இருந்தது.

"இது தையலா? மூட்டை தைக்கிறவன்கூட இதைவிட நேராத் தைப்பான். இதுக்குத்தான் என்னை விட்டுட்டு அங்க போனியா?"

"நீங்க கேட்டுட்டுச் செஞ்சிருந்தா நான் ஏன் போறேன்?"

"கேட்டா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் நாத்தனாருக்கு உறைத்தது. அண்ணிக்கும் உறைத்தது. எதிரெதிரே, முகத்துக்கு முகம், கோழி நடுவில் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். நாத்தனாரின் காதெல்லாம் சூடேறியது. அண்ணி கோட்டை வாளிக்குள் தேவைக்கு மேல் முக்கி எடுத்தாள். பிறகு குனிந்து, பழைய குரலில், சாக்கின் மேல் நின்றிருந்த மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"மேனேஜர், ஸ்டேஷன்காரிகிட்ட சொல்லு, ..."

மேனேஜர் அவள் கையைப் பார்த்தது. கை காலி. டாக்டர் தீனி கூடாது என்று சொல்லியிருந்தான். அது திரும்பி, இறக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொல்லைப்புறத்தைப் பார்த்து நடந்துபோனது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணி வாயைத் திறந்தபடி நின்றாள். சொல்ல வந்தது உதட்டிலேயே இருந்தது. அவள் இனி வாயை மூடிவிட்டால், முன்னறைக்குப் போய் மெஷினை மிதித்துவிட்டால், அவ்வளவுதான் என்று நாத்தனாருக்குத் தெரிந்தது.

"என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

"என்ன?"

"அதுகிட்ட ஏதோ சொல்ல வந்தீங்களே. நான்தான் இங்கயே நிக்கிறேனே. சொல்லுங்க."

அண்ணி கோட்டைப் பிழிந்தாள். இன்னொரு தடவை பிழிந்தாள்.

"துணி இன்னும் உள்ள மடிச்சிருக்கு" என்றாள். "அந்த எதிர்த்தெருக்காரன் வெட்டாம விட்டிருக்கான், அந்த மட்டுக்கும் புண்ணியம். காய வச்சு, பிரிச்சு விட்டா, நீ ஒழுங்கா மூச்சு விடலாம். ஆனா கேட்டுட்டுத்தான் செய்வேன். கேக்குறேன். பிரிக்கட்டுமா?"

நாத்தனார் ரோஷத்துக்காகக் கொஞ்ச நேரம் மேல்கூரையைப் பார்த்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனில் வண்டிகளே தாமதமாகத்தான் வருகின்றன, அறிவிப்பு மட்டும் எப்படி நேரத்துக்கு வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"பழைய அளவு போதாது" என்றாள் கடைசியில். "இன்னும் ஒரு இஞ்சு சேர்த்து விடணும்."

அண்ணி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய் டேப்பை எடுத்துவந்தாள். நாத்தனார் கையைத் தூக்கினாள். டேப் முதுகைச் சுற்றி முன்னால் வந்து சேர்ந்தது. அண்ணி எண்ணைப் பார்த்தாள். புருவத்தை உயர்த்தினாள்.

"குண்டாயிட்டேன்னு மட்டும் சொல்லக்கூடாது" என்றாள் நாத்தனார்.

"நான் எங்க சொன்னேன்?" என்றாள் அண்ணி. "டேப்புதான் சொல்லுது."